ஜெர்மனியில், மாக்டபர்க் குளிரில் இட்லி மாவு பொங்க மாட்டேன் என்கிறது, நடுவில் ஆன்லைன் வகுப்பு வேறு. என்ன செய்வது?

குளிர்காலக்கோழி:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபரில் வந்தேன், மாஸ்டர்ஸ் முதல் செமஸ்டர். விடுதியில் நாலு பேருக்கு ஒரு சமையலறை. மென்சாவில் (பல்கலைக்கழக உணவகம்) ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்தேன், உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் செய்தாலும் அது உருளைக்கிழங்காகத்தான் இருக்கிறது. சரி, ஊரிலிருந்து மிக்ஸியும் இட்லி அரிசியும் உளுந்தும் கொண்டுவந்திருக்கிறோமே என்று களத்தில் இறங்கினேன்.

ஞாயிறு பாடவேலை எல்லாம் முடித்து ராத்திரி பத்தரைக்கு மிக்ஸியைப் போட்டால், மறுநாள் கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறது, பத்து மணிக்கு மேல் ரூஹெட்சைட், அமைதி நேரமாம். மாவை டப்பாவில் போட்டு, துண்டு சுற்றி ஹீட்டர் மேல் வைத்தேன். காலையில் திறந்தால் ஊற்றின அளவிலேயே நிற்கிறது, ஒரு குமிழி இல்லை. இட்லி ஊற்றினேன், கல். அடுத்த வாரம் சமையல் சோடாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன், மஞ்சளாகிப்போய் சோப்பு வாடை.

இதற்கு நடுவில் வாரம் இரண்டு நாள் காலை 9:15க்கு ஜூமில் வகுப்பு. மத்தியானம் 1:30க்குச் சென்னையிலிருந்து ஜெர்மன் மொழி வகுப்பு, அங்கே மாலை 6 மணி. சாப்பாட்டு நேரம் சரியாக அதில் போய்விடுகிறது. போன வாரம் மைக்கை அணைக்காமல் தாளித்துவிட்டேன், கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு "உங்கள் பக்கம் மழையா?" என்றார் பேராசிரியர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டிரெஸ்டன்வாசி:
தம்பி, தப்பு மாவில் இல்லை, நேரத்தில். பல கட்டடங்களில் ராத்திரி ஆனால் ஹீட்டிங்கைத் தானாகவே குறைத்துவிடுவார்கள், குழாயைத் தொட்டுப் பார், பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். நீ மாவை வைத்ததே அது அணைகிற நேரத்தில். ஊரில் சாயங்காலம் அரைத்து ராத்திரி பொங்க விடுவோம், அந்தப் பழக்கத்தையே இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் வீணடித்தேன்.

தலைகீழாக மாற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கும்போது ஊறப்போடு, சனிக்கிழமை காலை எட்டு எட்டரைக்கு அரை. ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், இங்கே அன்று பகல் முழுக்கவே அமைதி நாள். அரைத்ததும் ஹீட்டர் மேல் வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் படி. மாவுக்கு வேண்டியது 28இலிருந்து 32 டிகிரி வரை, அதுவும் விடாமல். பகலில் ஹீட்டர் அதைக் கொடுக்கும், சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும். நாலுக்கு ஒன்று உளுந்து, கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தனியாக அரை, மிக்ஸி சூடானால் மாவு கெட்டுப்போகும், குளிர்ந்த தண்ணீர் தெளி. குழாயைத் திறந்தாலே ஐஸ் தண்ணீர்தான், இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மனி நம் பக்கம். உப்பைப் பொங்கினபிறகு போடு.

ஸ்கார்பரோ_அக்கா:
தம்பி, உங்களுக்கு அங்கே 230 வோல்ட், எங்கடை ஊர் மிக்ஸி அப்படியே ஓடும், பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். இங்கே கனடாவிலே 120 வோல்ட். நான் வரேக்க யாழ்ப்பாணத்தில இருந்து தூக்கிக்கொண்டு வந்த கிரைண்டர் ஒரு கிழவி நடக்கிற வேகத்தில சுத்திச்சு. பிறகு இங்கேயே ஒண்டு வாங்கினேன்.

உப்பு விஷயத்திலே எனக்கு உடன்பாடில்லை. அம்மா உப்பை முதலே போட்டு, கையாலே நல்லாக் கலந்துதான் வைப்பா, ஒருநாளும் பிழைச்சதில்லை. ஹீட்டர் சரிவராட்டி ஓவனுக்குள்ளே லைற்றை மட்டும் போட்டு மாவை வையுங்கோ, சூட்டைப் போடாதேங்கோ. கதவிலே பெரிசா ஒரு துண்டுக் கடதாசி ஒட்டவேணும். நான் ஒட்டாமல் விட்டு, கூட இருந்த பிள்ளை பீட்சாவுக்கு 200 டிகிரி போட்டிட்டாள். பிளாஸ்டிக் வாளியும் உழுந்தும் ஒண்டாப் போச்சு.

ரவைதான்_பதில்:
எல்லாரும் மாவைப் பற்றியே பேசுகிறீர்கள், வாரநாளில் இவர் என்ன சாப்பிடுவார்? சூப்பர்மார்க்கெட்டில் ஹார்ட்வைட்சன்கிரீஸ் என்று இருக்கும், அதுதான் நம் ரவைக்குக் கிட்டத்தில் வருவது. பக்கத்திலேயே வைஷ்வைட்சன் இருக்கும், மாற்றி எடுத்தால் உப்புமா பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டலாம். பருப்புக்கு ரோட்டே லின்சன், நம் மைசூர் பருப்புதான், குக்கரே வேண்டாம், கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். தயிர்சாதத்துக்கு மில்ஷ்ரைஸ், குண்டு அரிசி, அதைக் குழைய விட்டு 3.5 சதவீதத் தயிரை ஊற்றினால் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஜூமில் உட்காருவதை இன்றோடு விடுங்கள். போன குளிர்காலத்தில் பருப்பை வைத்துவிட்டுச் செமினாரில் உட்கார்ந்தேன், கேள்வி கேட்டார்கள், பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன், அடிப்பிடித்து அலாரம் அடித்து ஆறு மாடியும் செருப்போடு பனியில் இறங்கி நின்றது. வரமிளகாய்த் தாளிப்பும் அப்படித்தான், முதலில் சன்னலைத் திறங்கள். ஒரு வாரத் தாளிப்பை ஒரே நாளில் செய்து சின்ன டப்பாவில் வைத்தால் மழையும் பெய்யாது.

டிரெஸ்டன்வாசி:
மழை :) அப்புறம் தம்பி, மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறும், உன் 1:30 வகுப்பு 2:30 ஆகிவிடும். மத்தியானச் சாப்பாடு தானாகவே திரும்ப வந்துவிடும், அதுவரை தயிர்சாதம்.

குளிர்காலக்கோழி:
சனிக்கிழமை காலை எட்டரைக்கு அரைத்து ஹீட்டர் மேல் வைத்தேன், உப்பு போடவில்லை (அக்கா மன்னிக்கணும், அடுத்த வாரம் உங்கள் முறை). மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தால் லேசாக மேடு தட்டியிருந்தது, ஓரமெல்லாம் பொடிக் குமிழி. ஆறு மணி வரை இருக்கட்டும் என்று அசைன்மென்டில் உட்கார்ந்தேன், அதுதான் தப்பு. மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, துண்டைத் தாண்டி ஹீட்டர் இடுக்குக்குள் இறங்கிவிட்டது. இட்லி பஞ்சு. பதினாலு இட்லி, ஆறு நான், மீதியைக் கதவில் சீட்டு ஒட்டினவருக்கும் கொடுத்தேன், ஜாம் தடவிச் சாப்பிட்டார்.

இப்போது ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் அறை முழுக்கத் தோசை தீய்கிற வாசனை. காய்ந்த மாவை அந்த இடுக்கிலிருந்து எப்படி எடுப்பது?

ஸ்கார்பரோ_அக்கா:
ஹீட்டரை நிப்பாட்டி ஆறவிடுங்கோ. சுடுதண்ணி, பழைய டூத் பிரஷ். அடுத்த முறை வாளியிலே அரைவாசிதான் ஊத்தவேணும்.