எக்ஸ்பல்ஸ் 200 4வி: மண்பாதை ஓட்டத்துக்கு முதலில் எந்தக் காப்பைப் பொருத்துவது?

கேள்வி: கிருஷ்ணகிரிப் பயணி

அனைவருக்கும் வணக்கம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மோட்டார் சைக்கிளைப் பழைய வண்டியாக வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள வண்டிப்பாதைகளிலும் நீர் வற்றிய ஓடைகளிலும் ஓட்டிப் பழகி வருகிறேன். சென்ற மாதம் உருண்டைக் கற்கள் நிறைந்த ஓர் ஓடையில் நடைவேகத்தில் சாய்ந்து விழுந்ததில் கிளட்ச் லிவர் முறிந்துபோக, மிச்சமிருந்த இரண்டு விரற்கடைத் துண்டை வைத்துக்கொண்டே 18 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

இனியாவது வண்டிக்குக் காப்புகளைப் பொருத்திவிட வேண்டும் என்று கடைக்குப் போனால், மேல் கிராஷ் கார்டு, கீழ் கிராஷ் கார்டு (விழும்போது வண்டியைக் காக்கும் கம்பிச் சட்டங்கள்), தடித்த பேஷ் பிளேட் (எஞ்சினின் அடியைக் காக்கும் தகடு), ஹேண்ட் கார்டு (கையையும் லிவரையும் காப்பது), ஃபாக் லைட், பை தொங்கவிடும் கம்பி, ஹேண்டில்பார் ரைசர் (ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டு) என்று ஒரு நீண்ட பட்டியலை எழுதிக் கொடுத்தார்கள். என்னிடம் இருப்பது 15,000 ரூபாய். என் எடை 82 கிலோ. இவற்றில் எதை முதலில் வாங்குவது, எதை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சேலம் பட்டறை

வணக்கம் தம்பி. லிவரை முறித்துக்கொண்டவருக்கு முதலில் வேண்டியது ஹேண்ட் கார்டுதான். வண்டியோடு வருகிற நக்கிள் கார்டு, முனையில் பிடிப்பில்லாத பிளாஸ்டிக். அது காற்றையும் செடிகொடிகளையும் தடுப்பதற்கானது, விழுகிற வண்டியின் எடையைத் தாங்குவதற்கானது அல்ல. உள்ளே அலுமினியப் பட்டை உள்ளதாகவும், அந்தப் பட்டை ஹேண்டில்பாரின் முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு இடங்களில் இறுகப் பிடிப்பதாகவும் பார்த்து வாங்குங்கள்.

ஆலன் கீ ஒரு செட் இருந்தால் இதை வீட்டிலேயே பொருத்தலாம். வலப்பக்கத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: ஆக்சிலேட்டர் கைப்பிடிக்கும் காப்பின் முனைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால், முறுக்கி விட்ட கைப்பிடி தானாகத் திரும்பாமல் நின்றுவிடும், அது லிவர் முறிவதைக் காட்டிலும் பல மடங்கு ஆபத்தானது. பொருத்திய பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இருபுறமும் முட்டும்வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். பிரேக் ஹோஸும் எங்கும் நசுங்கக் கூடாது.

பட்டறையில் நாங்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லிவரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில், பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, கையால் பலமாகத் தட்டினால் லிவர் நகரும் அளவுக்கு மட்டும் கிளாம்பை இறுக்குவோம். விழும்போது லிவர் முறியாமல் சுழன்று கொடுத்துவிடும். ஐந்து ரூபாய் செலவுகூட ஆகாது.

பேஷ் பிளேட்டைப் பொறுத்தவரை, வண்டியோடு வந்த தகடு நெளிந்திருக்கிறதா, எஞ்சினின் அடிப்பகுதியைத் தொடுகிறதா என்று படுத்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு அதுவே போதும். புதிதாக வாங்குவதானால் நான்கு மில்லிமீட்டர் அலுமினியத்தில், எஞ்சினோடு அல்லாமல் சேஸிஸோடு பிணைக்கப்படுவதாக, ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே துளை உள்ளதாக வாங்குங்கள். அந்தத் துளை இல்லையென்றால், ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும். போல்ட்டுகள் கழன்றுவிடாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசையைத் தடவி, முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை சாவி வைத்துப் பார்த்துவிடுங்கள். தகட்டுக்குள் சேரும் சேற்றை அன்றன்றே கழுவிவிட வேண்டும். காய்ந்தால் எஞ்சினின் சூடு வெளியேறாது.

பட்டியலில் இல்லாத ஒன்று, எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்கான வலைக்காப்பு. 4வியில் கூலர் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் இருப்பதால், சக்கரம் எறிகிற கல் அதில் பட்டு ஓட்டை விழுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வலையின் கண் மிகச் சிறியதாக இருந்தால் சேறு அடைத்துக் காற்றைத் தடுக்கும் என்பதால், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கிராஷ் கார்டு, லைட், கம்பி ஆகியவை இப்போது வேண்டாம். ஏறத்தாழ 159 கிலோ வண்டியை ஓடையில் தனியாகத் தூக்கி நிறுத்தியவருக்கு, அதில் இன்னும் பத்துக் கிலோ ஏறினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் 2: மலைப்பாதை ரமணன்

சேலத்து அண்ணன் சொன்னவற்றில் கிராஷ் கார்டைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. டேங்க்கைச் சுற்றி வருகிற மேல் கார்டு எடையைத்தான் கூட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழ் கார்டு அப்படியல்ல. பாறையில் பக்கவாட்டில் விழுந்தால் கிளட்ச் கவர் உடைவதை அதுதான் தடுக்கிறது. கவர் உடைந்து ஆயில் கொட்டிய வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆனால் இதைப் பொருத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. பெரும்பாலான கீழ் கார்டுகள் எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டுகளிலேயே மாட்டப்படுகின்றன. எனக்குப் பொருத்திய பையன் அந்த போல்ட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் உருவிவிட்டதால் எஞ்சின் சற்றே இறங்கி, துளைகள் நேராக அமையாமல், ஒரு போல்ட்டின் மரையே தேய்ந்துபோயிற்று. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் கையால் பாதிவரை திருகி, கார்டு இரண்டு பக்கமும் இழுவையில்லாமல் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி), சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கார்டை நெம்பித்தான் துளைக்கு நேராகக் கொண்டுவர முடிகிறது என்றால், அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 3: முள்ளுக்குப் பயந்தவன்

உங்கள் ஊர்ப் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளை யாரும் குறிப்பிடவில்லையே. எக்ஸ்பல்ஸுக்கு ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். முள் குத்தினால் பஞ்சர் கிட்டை வைத்துச் சமாளிக்க முடியாமல் டயரையே கழற்ற வேண்டும். ஆகவே தடித்த ட்யூப் போட்டுக்கொள்ளுங்கள். டயர் லிவர் இரண்டும், சிறிய பம்பும், முன்சக்கரத்துக்கான 21 அங்குல மாற்று ட்யூப் ஒன்றும் பையில் இருக்கட்டும். அதே ட்யூபை அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் திணித்து வீடு வந்து சேரலாம். மண்ணில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பவர்கள் 18 பிஎஸ்ஐக்குக் கீழே போனால், கல்லில் மோதும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கிக் கிழியும்.

82 கிலோ என்கிறீர்கள். ரைசரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பின் ஷாக்கை உங்கள் எடைக்குச் சரிசெய்யுங்கள். சக்கரம் தரையிலிருந்து தூக்கியிருக்கும்போது அச்சிலிருந்து பின் மட்கார்டு வரை அளந்து, பிறகு நீங்கள் முழு உடுப்போடு உட்கார்ந்த நிலையில் மற்றொருவரை அளக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் 170 மில்லிமீட்டர் என்பதால், வித்தியாசம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக அமுங்கினால், பேஷ் பிளேட் தேவையில்லாமல் அடி வாங்கும்.

கிருஷ்ணகிரிப் பயணி

மூவருக்கும் மிக்க நன்றி. ஹேண்ட் கார்டு, கூலர் வலை, தடித்த ட்யூப் ஆகியவற்றை இந்த வாரமே வாங்குகிறேன். தகட்டைப் படுத்துப் பார்த்தேன்; நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தாலும் எஞ்சினைத் தொடவில்லை. கீழ் கார்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன். மீதிப் பணத்தில் வேறு ஏதாவது செய்யலாமா?

பதில் 4: சேலம் பட்டறை

மீதியைக் காலணிக்குச் செலவழியுங்கள் தம்பி. கணுக்காலையும் முழந்தாளுக்குக் கீழேயும் மூடுகிற மோட்டோகிராஸ் பூட் இல்லாமல் ஓடைக்குள் இறங்காதீர்கள்; தொகை போதாவிட்டால் கீழ் கார்டை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். அந்த ஓடை காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில்லாமல் உள்ளே ஓட்டுவது வனச்சட்டப்படி குற்றம்.

ரமணன் சொன்னபடி கீழ் கார்டு வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அதைப் பொருத்தும் நாளில், பிரேக் பெடலின் நுனியிலிருந்து சேஸிஸுக்கு மெல்லிய கம்பி ஒன்றையும் கட்டிவிடுங்கள். பெடலுக்குப் பின்னால் குச்சி நுழைந்து அதை வெளியே வளைப்பதை அது தடுக்கும். பெடலை முழுவதும் அழுத்தும்போது கம்பி இறுகாமல் இருந்தால் போதும்; சைக்கிள் கடையில் கிடைக்கிற பிரேக் கம்பியே இதற்குப் போதுமானது.