நம்ம சென்னையின் எஃப்சிக்கு பத்தாவது இடமாம், நீங்க என்ன சொல்றீங்க?

நீலச்சட்டை (செப்டம்பர் 2024)
நேத்து ராத்திரி வரப்போற ஐ.எஸ்.எல் ஃபுட்பால் சீசன பத்தி ஒரு யூடியூப் ப்ரிவ்யூ பாத்தேன், 13 டீம்ல நம்மள பத்தாவதா போட்டிருக்கான். கொல்கத்தா டீம் மோகன் பகான பத்தி விடிய விடிய பேசுறான், நம்ம பேர் வந்தா ரெண்டு நிமிஷம், அடுத்தது. போன சீசன் ஆறாவதா வந்து ப்ளே ஆஃப் போன டீம்ங்க இது, கோவாகிட்ட 2-1 தோத்தோம் சரி, ஆனா இப்ப வில்மர் ஜோர்டன் கில், சிமா, எல்சின்ஹோ, மந்தார்னு இத்தனை பேர எடுத்துட்டு கோச்சையும் மாத்தாம இருக்கும்போது எப்படி நாலு இடம் கீழ போவோம்? கடுப்புல அங்கயே கமெண்ட்ல ஏறிட்டு வந்துட்டேன்.

கடைசி_வரிசை
ப்ரோ கோச்சுக்காதீங்க. பத்தாவதுங்கறது கொஞ்சம் ஓவர்தான், எட்டாவதுன்னு சொல்லியிருந்தா வாய மூடிட்டு ஒத்துக்குவேன். 2020-21 எட்டு, 2021-22 எட்டு, 2022-23லயும் எட்டு, நமக்கு பட்டா போட்டு குடுத்த எடம் அது. 2020-21ல 20 மேட்ச்ல 11 ட்ரா, மொத்தமே 17 கோல், பாதி மேட்ச்ல நான் சோஃபாலயே தூங்கிட்டேன். அப்புறம் போன வருஷ ஆறாவதுன்னு பெருமையா சொல்றீங்களே, 22 மேட்ச்ல 11 தோல்விங்கறத யார் சொல்றது? ஏழாவது வந்த நார்த்ஈஸ்ட் டீமுக்கும் நமக்கும் ஒரே ஒரு பாயின்ட். ஒரு மேட்ச் சொதப்பியிருந்தா இந்த சண்டையே கிடையாது.

வியாசை_லெஃப்ட்_விங்
அண்ணே நம்ம டீம பொறுத்தவரை ப்ரிடிக்‌ஷன்லாம் வேஸ்ட்டு. 2015 ஞாபகம் இருக்கா, டேபிள்ல அடியில கெடந்தோம், அப்புறம் வரிசையா ஜெயிச்சு செமி போனா ஊரே வெள்ளத்துல, நம்ம ஹோம் செமிய புனேல போய் ஆடுனாங்க. ஃபைனல் அன்னிக்கு எங்க வீட்டு டிவி தண்ணில போயிருந்துச்சு, மொட்டமாடி ஃபுல்லா பாயும் தலகாணியும் காயுது, மேல் வீட்டு அக்கா ஹால்ல பதினஞ்சு பேர் குந்தினு பாத்தோம். 89 நிமிஷம் வரைக்கும் கோவா 2-1 லீடு, நாங்க எழுந்து செருப்பு தேட ஆரம்பிச்சிட்டோம், அவங்க கீப்பர் செல்ஃப் கோல், அப்புறம் நம்ம மெண்டோசா அடிச்சான் பாரு, ஒருத்தன் செருப்பு இன்னும் கிடைக்கல. அதே டீம் 2018ல பெங்களூருல போய் கப் அடிச்சிட்டு அடுத்த சீசனே 9 பாயின்ட்டோட கடைசி. இத எவன் கணிப்பான்?

பெரியமேடு_கேட்
செண்டிமெண்ட ஓரமா வைங்கப்பா. முன்னாடி ஆள் இருக்கு, ஷீல்ட்ஸ் ஓடிட்டே இருப்பான், பின்னாடி எட்வர்ட்ஸ் இருக்கான். ஃபாரினர் நாலு பேர்தான் ஒரே நேரத்துல ஆட முடியும், மீதி ஏழு பேர் நம்மாளுங்க, சீசன முடிவு பண்றதே அந்த ஏழுதான். 2023ல நம்ம மிட்ஃபீல்டர் தாப்பா மோகன் பகானுக்கு போன எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. லீடு எடுத்தப்புறம் பந்த கால்ல வெச்சு ஆட்டத்த ஆறப்போட நடுவுல நம்மகிட்ட ஆளே இல்ல. நம்ம கோச் கோயல் 2019 டிசம்பர்ல வந்து அப்ப இருந்த டீம ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டு போனாருன்னா அப்ப ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சான், தாப்பாவும் இருந்தான். பத்துன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த யூடியூப்காரன் லூசு கிடையாது.

நீலச்சட்டை
மொத மேட்ச்சே ஒடிஷால போய் 3-2 ஜெயிச்சாச்சு!!! ஃபாரூக் ரெண்டு கோல்!!! எங்கப்பா அந்த பத்தாவது பார்ட்டி, பெரியமேடு அண்ணன் எங்க?

பெரியமேடு_கேட்
இங்கதான் இருக்கேன். 23 மேட்ச் பாக்கி இருக்கு தம்பி.

கடைசி_வரிசை (மார்ச் 2025)
த்ரெட்ட தூசு தட்டுறேன், மன்னிக்கவும். நாம முடிச்சது 11வது இடம்.

வியாசை_லெஃப்ட்_விங்
பத்துன்னு சொன்னவன் நம்ம மேல பாசமாத்தான் இருந்திருக்கான் போல 😭

நீலச்சட்டை
கடைசி மேட்ச்சுக்கு போயிருந்தேன். நம்ம பசங்க ஜாம்ஷெட்பூர 5-2ன்னு அடிக்கிறானுங்க, எல்லாம் முடிஞ்சப்புறம். சுத்தி காலி சீட்டு, பின்னாடி ஒரு ட்ரம் மட்டும் விடாம அடிச்சிட்டு இருந்துச்சு, டிராக்க தாண்டி அந்த கடைசில அவனுங்க கட்டிப்புடிச்சிட்டு நிக்கிறானுங்க, எனக்கு திட்டவும் வரல கை தட்டவும் வரல. வீட்டுக்கு வந்து அந்த வீடியோல நான் போட்ட கமெண்ட டெலீட் பண்ணலாம்னு போனேன், அதுக்கு நாப்பது லைக் விழுந்திருக்கு. அப்படியே விட்டுட்டேன்.