300 ஓம் ஹெட்போனுக்கு எந்த ஆம்ப்? சொல்லுங்க அண்ணாச்சி

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆச்சி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவதால் ராத்திரிப் பாட்டெல்லாம் ஹெட்போனில்தான். பழையதாக ஒரு சென்ஹைசர் எச்டி 600 கைக்கு வந்தது. அதன் இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம். ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவி இல்லாமல் லேப்டாப்பில் நேரே சொருகினால், சத்தத்தை முழுசாக வைத்தாலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்கிறது.

நான் அதிகம் கேட்பது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். அவர் 1964-இலேயே மறைந்துவிட்டார். எல்லாம் பழைய ஒலிப்பதிவு. ஆலாபனை மெல்ல இழையும் இடத்தில்தான் வம்பு. சார்ஜர் மாட்டியிருந்தால் காதுக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பிடுங்கினால் நின்றுவிடும்.

யூஎஸ்பி டேக் (லேப்டாப்பின் டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் தனிப் பெட்டி) போட்டால் சரியாகும் என்கிறார்கள். ஆனால் அதுவும் அதே லேப்டாப்பில்தானே கரண்ட் எடுக்கும்? ஆம்பும் உள்ளேயே இருக்கும் இரண்டு டேக் பார்த்து வைத்திருக்கிறேன். ஐஃபை ஜென் டேக் யூஎஸ்பியிலேயே ஓடும். ஃபியோ கே11-க்குத் தனி 12 வோல்ட் அடாப்டர். இரைச்சல் போக எது தோது?

அப்புறம், தங்கச்சி தன் 32 ஓம் ஹெட்போனையும் இதிலேயே மாட்டுவாள். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது 4 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்பது தெரியும். அதிக கெயினில் (ஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவு) அவள் காது போகாமல் இருக்க, கெயின் குறைக்கும் சுவிட்சும் வேண்டும்.

பட்ஜெட் பதினைந்தாயிரம். 384 கிலோஹெர்ட்ஸ் உயர்தர ஒலி என்ற ஜம்பமெல்லாம் வேண்டாம், மோனோ பதிவுக்கு அது எதற்கு? வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் யாரிடமாவது இருந்தால் அரை மணி நேரம் கேட்டுப் பார்க்க விடுவீர்களா? லேப்டாப்பையும் அந்தச் சார்ஜரையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.