ஹெம்ப் விதை எண்ணெய்: ஆய்வறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால் போதுமா?

கேள்வி (செக்குக்கடை, திருநகர்)

வணக்கம். மதுரை திருநகரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் சிலர் கேட்பதால், ஹெம்ப் விதை எண்ணெயையும் வாங்கி விற்கலாமென எண்ணி, வெளிமாநில நிறுவனம் ஒன்றிடம் ஆய்வறிக்கை கேட்டேன். வந்த தாளில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.க்கு நேரே ‘கண்டறியப்படவில்லை’ என்றும், அடுத்த கட்டத்தில் எல்.ஓ.க்யூ. 0.05% என்றும், கீழே ‘0.3% வரம்புக்கு உட்பட்டது’ என்றும் உள்ளது. கஞ்சாச் செடியின் விதையாயிற்றே என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். இதை நம்பிச் சரக்கு எடுக்கலாமா?

பதில் (உணவு ஆய்வகப் பணி, திருமங்கலம்)

ஐயா, முடிவைப் பார்ப்பதற்கு முன் எல்.ஓ.க்யூ.வைப் பாருங்கள். அந்த ஆய்வு முறையால் நம்பகமாக அளந்து சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு அதுவே. 0.05% என்றால் கிலோவுக்கு 500 மில்லிகிராம். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வெளியிட்ட அறிவிக்கையோ, விதை எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் மொத்த டி.எச்.சி.யை மட்டுமே அனுமதிக்கிறது. விதைக்கும் மாவுக்கும் 5 தான். லாரி எடைமேடையில் மூக்குத்தியை வைத்துவிட்டு எடையே இல்லை என்பதைப் போன்றது இந்த அறிக்கை. அந்த 0.3% அமெரிக்காவின் 2018 ஆம் ஆண்டுச் சட்டம் செடியின் உலர் எடைக்கு வகுத்த வரம்பு. நம் ஊரில் விற்கும் எண்ணெய்க்கு அதைக் காட்டுவதில் பொருளில்லை.

மொத்த டி.எச்.சி. என்பதில் டி.எச்.சி. அமிலமும் சேரும் என்பதால், அது தனியாக அளக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். அதே செடியிலுள்ள, போதை தராத இன்னொரு பொருளான சி.பி.டி.யின் அளவு, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இரண்டும் உள்ளனவா?

கேள்வி கேட்டவர்

சி.பி.டி. கிலோவுக்கு 1,200 மில்லிகிராம் என்றுள்ளது. தொகுதி எண் இல்லை. ‘மாதிரி 1’ என்று மட்டும் இருக்கிறது.

பதில் (திருமங்கலம்)

அப்படியானால் எடுக்காதீர்கள். சி.பி.டி.க்கு வரம்பு 75 மில்லிகிராம். விதைக்குள் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் அநேகமாக இருப்பதில்லை. பூவின் பிசின் விதைத்தோலில் ஒட்டிக்கொண்டுதான் எண்ணெயில் இறங்குகிறது. ஆகவே 1,200 என்றால் விதை சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை, அல்லது இலை, பூச் சாறு கலந்திருக்கிறது. சுத்தம் செய்யும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியும் மாறும் என்பதால், தொகுதி எண் இல்லாத அறிக்கை எந்தப் புட்டிக்கும் பொறுப்பேற்காது.

பதில் (மேலூர்)

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருந்தாலும், அந்த ஆய்வகம் பெற்ற அங்கீகாரத்தில் இந்தச் சோதனை அடங்குகிறதா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்தில் பாருங்கள். குடிநீர்ச் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்றவர்களும் உண்டு.