பழைய மோட்டார் வால்வு: தலையை மட்டும் மாற்றலாமா, முழுசாகவா?

ஹாரோவாசி:
லண்டனில் 1980களில் கட்டிய வீடு. வெந்நீர் சிலிண்டர் அலமாரிக்குள் 22 மி.மீ. குழாயில் இரண்டு மோட்டார் வால்வுகள் (மோட்டாரால் தானாகத் திறந்து மூடுபவை), ஒன்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு, மற்றது வெந்நீருக்கு. ஒரு வாரமாக தெர்மோஸ்டாட்டை அணைத்தாலும் பாய்லர் நிற்காமல் எரிகிறது, கேஸ் பில்லை நினைத்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ரேடியேட்டர் வால்வின் நெம்புகோல் எந்நேரமும் தொளதொளவென்று ஆடுகிறது. தண்ணீரை வடிக்காமல் மாற்ற முடியுமா அண்ணாமார்?

ஸ்பேனர்தம்பி:
வால்வு திறந்தபடியே சிக்கிவிட்டது. அது முழுதாகத் திறந்ததும் உள்ளே மைக்ரோ சுவிட்ச் அழுந்தி ஆரஞ்சு ஒயர் வழியாக பாய்லருக்கும் பம்புக்கும் கரண்ட் போகும், மூடாதவரை போய்க்கொண்டேதான் இருக்கும். தலை, அதாவது மேலே இருக்கும் மோட்டார் பெட்டி, தனியாகக் கழலும் வகை என்றால் வடிக்க வேண்டாம். கழற்றிவிட்டு வால்வின் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால் புதுத் தலை போதும், குறடு கேட்டால் குழாயில் இருக்கும் வால்வு உடம்பும் போச்சு.

பழையகுழாய்:
அவசரப்படாதீர்கள். பழைய வகையில் தலையின் ஸ்க்ரூவைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சும், என் வீட்டு வரவேற்பறைக் கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அந்த வகை என்றால் வடித்துவிட்டு முழுசாக மாற்றுங்கள், திரும்ப நிரப்பும்போது துரு தடுக்கும் இன்ஹிபிட்டரும் ஊற்றுங்கள். அப்புறம், வால்வின் சாம்பல் ஒயரில் தெர்மோஸ்டாட் அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும். ஃபியூஸ் ஸ்பரையே (ஹீட்டிங் முழுவதற்கும் கரண்ட் தரும், ஃபியூஸ் உள்ள சுவர் சுவிட்ச்) அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஹாரோவாசி:
பார்த்தேன், பழைய வகைதான். சரி, சனிக்கிழமை வடிக்கிறேன்.