மரவள்ளி இலை தனியிலையா, கூட்டிலையா? விவரிப்பில் ஐயம்

கேள்வி:
வணக்கம். செய்முறைப் பதிவேட்டுக்காக ஆமணக்கு, மரவள்ளி, இலவம் ஆகியவற்றின் இலைகளை விவரித்துள்ளேன். மூன்றும் விரித்த கைபோலத் தோன்றினாலும், ஆமணக்கை 'அங்கை வடிவில் மடலுற்ற தனியிலை' (மடல்களாகப் பிளந்தாலும் ஒரே பரப்பாக உள்ள இலை) என்றும் மற்ற இரண்டையும் 'அங்கை வடிவக் கூட்டிலை' (தனித்தனிச் சிற்றிலைகள் சேர்ந்த இலை) என்றும் எழுதினேன். திருத்தியவர் மரவள்ளியை மட்டும் சிவப்பு மையால் சுழித்துவிட்டார், காரணம் எழுதவில்லை. கோணமொட்டை (இலை தண்டோடு சேரும் கோணத்தில் இருக்கும் மொட்டு) வைத்துச் சோதித்தேன். மரவள்ளி மடலின் அடியில் மொட்டு இல்லை, இலவத்தின் சிற்றிலை அடியிலும் இல்லை. பிறகு எதைக் கொண்டு பிரிப்பது?

மறுமொழி 1:
கோணமொட்டுச் சோதனை இங்கே உதவாது. ஓர் உறுப்பு முழு இலையா, இலையின் பகுதியா என்பதை மட்டுமே அது காட்டும். மடலும் சிற்றிலையும் இலையின் பகுதிகளே என்பதால் இரண்டிலும் மொட்டு இராது. (முருங்கையின் மும்மடிச் சிறகுக் கூட்டிலையை, அதாவது மூன்று முறை கிளைத்த ஒரே இலையை, கிளை என்று நினைப்பவருக்குத்தான் அந்தச் சோதனை தேவை.) நீங்கள் பார்க்க வேண்டியது இலைப்பரப்பின் தொடர்ச்சியை. மரவள்ளியில் பிளவு எவ்வளவு ஆழமாகச் சென்றாலும், காம்பின் நுனியருகே மடல்களை ஒரு குறுகிய பரப்பு இணைத்திருக்கும்; இலவத்திலோ சிற்றிலை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறுங்காம்பு உண்டு, இடையில் பரப்பே இல்லை. பிளவின் ஆழத்துக்கும் சொற்கள் உள்ளன: பாதியளவே பிளந்தால் பாமாட்டிஃபிட், பாதியைத் தாண்டினால் பாமாட்டிபார்டைட், ஏறத்தாழ அடியை எட்டினால் பாமாட்டிசெக்ட். மரவள்ளிக்குப் பின்னிரண்டு சொற்களில் ஒன்று பொருந்தும்.

மறுமொழி 2:
ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஆழத்தை மடலின் நுனியிலிருந்து காம்பு சேருமிடம் வரை அளந்து, பிளவு அதில் எவ்வளவு தொலைவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணளவில் எழுதினால் பாதி என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேலும், மரவள்ளியில் பூங்கொத்தை ஒட்டிய இலைகளில் மடல்கள் குறைந்து, சில வேளை ஒற்றை மடலாகவே இருக்கும்; ஆகவே தண்டின் நடுப்பகுதியில் முதிர்ந்த இலையைப் பறியுங்கள். பப்பாளியிலும் நாற்றின் முதல் இலைகளில் மடல் இராது.

கேட்டவர்:
நன்றி. கைலென்சில் பார்த்தபோது அந்த இணைப்புப் பரப்பு தெரிந்தது. காய்ந்த மாதிரியில் அது சுருண்டு மறைந்திருந்ததால் தவறவிட்டிருக்கிறேன். 'அங்கை வடிவில் ஆழமாகப் பிரிவுற்ற தனியிலை' என்று திருத்தி, பச்சை இலையிலிருந்து புதிய படம் வரைந்து ஒட்டிவிட்டேன்.