டிரைவர் இல்லாத வண்டிகள் வந்தால் நகர விரைவுச்சாலைக்கு இருக்கிற லேனே போதுமா?

மேம்பாலக்கிளி (கேள்வி):

2025 நவம்பரில் டிரைவர் இல்லாத டாக்சி நிறுவனமான வேமோ சான் ஃபிரான்சிஸ்கோ, ஃபீனிக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் ஃப்ரீவேக்களில் பொதுமக்களை ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து "இனிமேல் சாலையை அகலப்படுத்தவே வேண்டாம்" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். நகரத்துக்குள் ஓடும் மேம்பால விரைவுச்சாலை. பக்கத்துக்கு 3 லேன், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர், கூடவே 2.5 மீட்டர் ஷோல்டர் (பழுதான வண்டி ஒதுங்கும் ஓரம்). ஆக 13 மீட்டர்.

1. லேனுக்கு மணிக்கு 4,000 வண்டி என்கிறார்களே, நம்பலாமா?
2. தானோட்டி வண்டி கோடு பிசகாமல் ஓடும் என்பதால் லேனை 2.9 மீட்டராகக் குறைத்து, அதே 13 மீட்டரில் 4 லேன் போடலாமா?

எண்கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

வேகம் 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். காரின் நீளம் 4.8 மீட்டர். மனிதர் விடும் இடைவெளி சுமார் 1.5 நொடி, அதாவது 37.5 மீட்டர். மொத்தம் 42.3 மீட்டருக்கு ஒரு வண்டி, மணிக்கு ஏறத்தாழ 2,130. இடைவெளியை 0.6 நொடியாக்கினால் 19.8 மீட்டருக்கு ஒரு வண்டி, மணிக்கு 4,545. நீங்கள் கேள்விப்பட்ட 4,000 இந்த வகைக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

சிக்கல் எங்கே என்றால், 0.6 நொடிக்கு முன்வண்டியும் பின்வண்டியும் ரேடியோவில் பேசிக்கொள்ள வேண்டும். முன்வண்டி பிரேக் போடும் அதே கணத்தில் பின்வண்டிக்குத் தெரிய வேண்டும். முன்னால் போவது சாதாரண வண்டி என்றால் பழையபடி 1.5 நொடிதான். சாலையில் 30% வண்டிகளில் இந்த வசதி இருந்தால், அடுத்தடுத்த இரண்டு வண்டியிலும் அது இருக்கும் வாய்ப்பு 0.3 × 0.3 = 9%. போட்டுப் பாருங்கள்: லேனுக்கு 2,235. கூடியது 5% மட்டும். 50% ஆனால் 2,450. 90% ஆனால்தான் 3,700ஐத் தாண்டும். முக்கால்வாசி ஆதாயம் கடைசியில்தான் வரும். அதுவரை பழைய வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ரேடியோ இல்லாத வெறும் அடாப்டிவ் குரூஸ் (முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகம் மாற்றும் வசதி) நிலைமையைக் கெடுக்கவும் செய்யும். அதில் 2.2 நொடி இடைவெளி வைத்தால் லேனுக்கு 1,500தான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் இழுக்கிறது. தானே லேன் பிடித்து ஓடும் வண்டிகளுக்கான ஐ.நா. விதி 157, 60 கி.மீ. வேகத்தில் குறைந்தபட்சம் 1.6 நொடி, அதாவது 26.7 மீட்டர் இடைவெளி கேட்கிறது. அதைக் கடைப்பிடித்தால் லேனுக்கு 1,900. அவசரக்கார மனிதரே மேல்!

ரேம்ப்ராசா:

லேன் கணக்கு சரி. ஆனா நகர விரைவுச்சாலை நடுவழியில அடைக்கிறது கம்மி. அடைக்கிறது இறங்குற இடத்துல.

இறங்குற ரேம்ப் (சாய்வுப் பாதை) அடியில சிக்னல். 2 லேன். லேனுக்குத் தொடர்ந்து பச்சை இருந்தா மணிக்கு 1,900 வண்டி போகும். 90 நொடி சுற்றுல 36 நொடிதான் பச்சைன்னா 760. ரெண்டு லேனுக்கும் சேர்த்து 1,520. மேலே இன்னிக்கு 3 × 2,100 = 6,300 ஓடுது, அதுல கால்வாசி இறங்கணும்னா 1,575. இப்பவே விளிம்புலதான் நிக்குது.

மேலே 4,500 வீதம் 13,500 ஓட விட்டீங்கன்னா 3,375 வண்டி இறங்கணும். கீழே வாங்குறது அதே 1,520. நிமிஷத்துக்கு 31 வண்டி தேங்கும். 300 மீட்டர் ரேம்ப், 2 லேன், வண்டிக்கு 7 மீட்டர்னா 86 வண்டிதான் பிடிக்கும். மூணு நிமிஷத்துல வரிசை மெயின்லேனுக்கு ஏறிடும். அப்புறம் உங்க 4,500 எங்கே?

தானோட்டி வண்டி பச்சை விழுந்ததும் சட்டுனு கிளம்பும், கொஞ்சம் மிச்சமாகும். ஆனா ரோட்டைக் கடக்குறவங்க நடக்குற வேகம் மாறாதே. அவங்களுக்கான நேரத்தைக் குறைக்க முடியாது.

தார்ச்சட்டி:

இரண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம்.

பேருந்தின் உடல் அகலமே 2.55 மீட்டர், கண்ணாடிகளையும் சேர்த்தால் சுமார் 3. வளைவில் டிரெய்லரின் பின்சக்கரம் உள்பக்கம் வெட்டும். கம்ப்யூட்டர் ஓட்டினாலும் அந்த வெட்டு இருக்கும். 4 × 2.9 = 11.6 போக மிச்சம் 1.4 மீட்டர், அதுவும் இரு ஓரத்துக்கும் சேர்த்து. ஷோல்டர் போய்விட்டது. சென்சார் பழுதானால் இந்த வண்டிகள் "பாதுகாப்பாக ஓரம் கட்டு" என்ற கட்டளைப்படிதான் நடக்கும். ஓரமே இல்லாத பாலத்தில் லேனிலேயே நிற்கும். 3 லேனில் ஒன்று அடைபட்டால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும் என்று நினைப்போம். அமெரிக்க ஹைவே கெப்பாசிட்டி மேனுவல்படி மிஞ்சுவது 49%தான்.

பலரும் மறப்பது சக்கரத் தடம். மனிதர் ஓட்டும்போது வண்டி லேனுக்குள் இப்படி அப்படி அலையும். தளத் தடிமன் கணக்கில் அந்த அலைவுக்குத் திட்ட விலக்கமாக சுமார் 25 செ.மீ. எடுப்பது வழக்கம். எல்லா லாரியும் ஒரே கோட்டில் ஓடினால் எடை முழுக்க ஒரே பட்டையில் விழும், தார் அங்கே பள்ளமாகும், மழையில் அதில் நீர் நிற்கும். மருந்து எளிது: ஒவ்வொரு வண்டியும் லேன் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி ஓடும்படி மென்பொருளில் வைப்பது. அந்த விலகலுக்கும் அகலம் வேண்டுமே! லேனைக் குறுக்கினால் அதற்கு இடமில்லை.

பாலத்தையும் பாருங்கள். 36 டன் லாரி, 22 மீட்டர் நீளம். 60 மீட்டர் விட்டு ஓடினால் மீட்டருக்கு 0.44 டன். 10 மீட்டர் விட்டு வரிசையாக ஓடினால் 1.13 டன். 30 மீட்டர் ஸ்பேனில் (இரு தூண்களுக்கு இடையிலான பகுதியில்) எப்படியும் ஒரு லாரிக்கு மேல் முழுதாக நிற்காது, கவலையில்லை. நீண்ட தொடர் ஸ்பேன்களில் தூண் மேலே வரும் எதிர்வளைவுத் திருப்புவிசையை (தளத்தை மேல்நோக்கி வளைக்கும் விசையை)த் திரும்பச் சரிபார்க்காமல் லாரி வரிசையை அனுமதிக்கக் கூடாது.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் லேன் கோட்டில் போடுங்கள். கோடு 15 செ.மீ. அகலம், உலர்ந்த தளத்தில் பிரதிபலிப்பு 150 மில்லிகேண்டெலா. ஐரோப்பாவில் பரிந்துரைப்பது இதுதான். கலிஃபோர்னியாவும் 2017இல் 15 செ.மீ. கோட்டுக்கு மாறி, பழைய பீங்கான் குமிழ்களைக் கைவிட்டது. பழைய கோட்டைக் கருப்புப் பெயிண்டால் மறைக்காதீர்கள். சாய்வெயிலில் அது பளபளத்து கேமராவுக்கு இன்னொரு கோடாகத் தெரியும்.

மேம்பாலக்கிளி:

நன்றி. அப்படியானால் உள்பக்க லேன் ஒன்றைத் தானோட்டிகளுக்கு மட்டும் ஒதுக்கினால்? ஜப்பானில் செய்கிறார்களே.

ரேம்ப்ராசா:

ஜப்பான்ல 2025 மார்ச்ல ஆரம்பிச்சது ஷின்-தோமெய்ல, சுமார் 100 கி.மீ.க்கு, லாரிக்கு, வார நாள்ல ராத்திரி 10 முதல் காலை 5 வரைக்கும். ஊருக்கு வெளியே, ஒரு சர்வீஸ் ஏரியாவுல இருந்து இன்னொண்ணு வரைக்கும். 1997ல சான் டியாகோ இன்டர்ஸ்டேட் 15ல 8 ப்யூக் கார் 6.5 மீட்டர் இடைவெளில ஓடினதும் அப்படித்தான், மத்த வண்டிக இல்லாத சுமார் 12 கி.மீ. தனி லேன். ரெண்டுலயும் நடுவுல ஏறி இறங்குற தொல்லை கிடையாது.

நகரத்துல கிலோமீட்டருக்கு ஒரு ரேம்ப். உள்லேன் 90ல ஓடுது, பக்கத்து லேன் 40ல ஊருது. வெளிய வரணும்னா 90ல இருந்து 40க்கு இறங்கியாகணும். பயணிக்கு உறுத்தாத பிரேக்குல சுமார் 170 மீட்டர் வேணும். அந்த 170 மீட்டரும் உங்க தனி லேனுக்குள்ளதான் போகும். பின்னாடி வர்றதெல்லாம் குறையும். ஒதுக்கணும்னா அந்த லேனுக்கே தனி ரேம்ப் கட்டணும், அதுக்கு மேம்பாலத்துல இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க.

எண்கணக்கு:

இன்னொன்று: தேவை அப்படியே நிற்காது. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் தானோட்டி காருக்கு ஈடாக 13 பேருக்கு ஒரு வாரம் டிரைவர் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் கார் ஓடிய தூரம் 83% கூடியது. ஆள் ரொம்பக் குறைவு, சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஆனாலும் திசை தெளிவு: பயணி இல்லாமல் வண்டி போய்வந்த ஓட்டமும் அதில் உண்டு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிலோமீட்டருக்குக் கட்டணம் என்பதைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால் எந்த லேன் கணக்கும் நிற்காது.

30 ஆண்டுத் திட்டம் என்றால் "சாலையே வேண்டாம்" என்ற வரிசையையும் அட்டவணையில் வையுங்கள். டோக்கியோவில் 2 கி.மீ. நீளமுள்ள கே.கே. மேம்பாலச் சாலையை 2025 ஏப்ரலில் மூடி, நடைபாதையாக மாற்றும் வேலை நடக்கிறது.

மேம்பாலக்கிளி:

சரி. 3 லேன், 3.5 மீட்டர், ஷோல்டர் அப்படியே இருக்கட்டும். லேனுக்கு 2,250க்கு மேல் எடுக்கவில்லை. பணத்தை ரேம்ப் அடி சிக்னல்களுக்கும் கோட்டுக்கும் திருப்புகிறேன். 300 மீட்டர் ரேம்பை 450 ஆக்கினால் உதவுமா?

ரேம்ப்ராசா:

2,250 வீதம்னா கால் மணி நேரம்தான் கூடுதலாத் தாங்கும். கீழே பச்சை நேரத்தைப் பாருங்க.